ஆயிரம் பக்கம், ஒரு பெரிய சக்கரம், காணாமல் போன படங்கள்

அட்டையில் கியர் வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்று மலைப்பாதை ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. உள்ளே இருப்பது 1884இல் கிளம்பிய ஒருவரின் பயணம். அந்த வண்டிக்கு கியர் கிடையாது, செயின் கிடையாது, காற்றடைத்த டயரும் கிடையாது. அட்டை போட்டவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது கவரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

புத்தகம் தாமஸ் ஸ்டீவன்ஸ் எழுதிய 'அரவுண்ட் த வேர்ல்ட் ஆன் எ பைசிக்கிள்'. இரண்டு தொகுதிகள். முதலாவது சான்பிரான்சிஸ்கோவிலிருந்து டெஹ்ரான் வரை, 1887இல் வந்தது. இரண்டாவது டெஹ்ரானிலிருந்து யோகோஹாமா வரை, 1888. சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள் இவர்தான், அந்தக் கதையை எழுதியதும் இவரே. நான் வாங்கியது ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்புகிற இந்தக் காலத்து மறுபதிப்பு. இரண்டும் சேர்த்து 1,640 ரூபாய். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உரிமை முடிந்த புத்தகங்களை இப்படி அடித்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அதனால் புத்தகத்தை முதலில் முதுகைத் தடவித்தான் எடை போடுவேன். ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட தொகுதியை ஒரு தையல்கூடப் போடாமல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். ஹங்கேரி தாண்டுவதற்குள் முதுகு படக்கென்று வெடித்தது. செர்பியாவில் நாலைந்து தாள் கையோடு வந்துவிட்டது. உள்பக்க மார்ஜின் மிகக் குறைவு, வரியின் கடைசிச் சொல்லைப் படிக்கப் பக்கத்தை விரித்து அழுத்த வேண்டும், அழுத்தினால் மறுபடி பசை விடும். தாள் கண்ணைக் கூசும் வெள்ளை மேப்லித்தோ. இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது எழுத்து. பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்தை மெஷினைப் படிக்கவிட்டு, வந்ததை அப்படியே அடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் பக்கத்தில் வந்தால் மெஷினுக்கு அது எம் ஆகத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆகவே 1880களில் எழுதிய மனிதர் பக்கத்துக்குப் பக்கம் 'மாடர்ன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மோடம்' என்கிறார். ஒரு துருக்கி விவசாயி ரொட்டியை நீட்டிக்கொண்டிருக்கும்போது, வாக்கியத்துக்கு நடுவே பக்கத் தலைப்பு பெரிய எழுத்தில் வந்து முட்டுகிறது, கூடவே பக்க எண்ணும். எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபில் இப்படி ஒன்று போனால் அன்றைக்கே என் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் படங்கள். மூலப் பதிப்பு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு வந்தது. இதில் ஒன்றுகூட இல்லை. படத்துக்குக் கீழே இருந்த வரி மட்டும் அநாதையாக நிற்கிறது, பத்திக்கும் பத்திக்கும் நடுவில், எதைப் பற்றியது என்றே தெரியாமல். முன்பக்கத்தில் ஒரு பொடி எழுத்து அறிவிப்பு வேறு: பழைய நூல் என்பதால் சில குறைகள் இருக்கலாமாம். பழைய நூலில் அந்தக் குறை எதுவும் இல்லை, ஐயா. எல்லாம் நீங்கள் சேர்த்தது.

சரி, பொருளைத் திட்டியாயிற்று. புத்தகத்துக்கு வருகிறேன், அது வேறு தரம்.

ஸ்டீவன்ஸ் 1854இல் இங்கிலாந்தின் பெர்காம்ஸ்டெட்டில் பிறந்தவர். பையனாக இருக்கும்போதே அமெரிக்கா போய் அங்கே கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார், சுரங்க வேலை உட்பட. சான்பிரான்சிஸ்கோவில் முன்சக்கரம் 50 அங்குல விட்டமுள்ள கொலம்பியா சைக்கிள் ஒன்றை வாங்கி, 1884 ஏப்ரல் 22 காலை கிளம்பிவிட்டார். மாற்றுச் சாமான் என்று பார்த்தால் காலுறை, ஒரு சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படுகிற ஒரு மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர். அவ்வளவுதான்.

அந்த வண்டியைக் கொஞ்சம் மனதில் நிறுத்திக்கொண்டால்தான் புத்தகம் புரியும். பென்னி ஃபார்திங் என்பார்களே, முன்னால் நெஞ்சுயரத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம். பெடல் நேராக முன்சக்கர அச்சிலேயே பொருத்தியிருக்கும். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. 50 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4 மீட்டர். ஏற்றம் வந்தாலும் அதே 4 மீட்டர், இறக்கம் வந்தாலும் அதே. காலை நிறுத்தினால் சக்கரம் நிற்க வேண்டும், சக்கரம் ஓடினால் கால் ஓட வேண்டும். உட்காரும் இடம் கிட்டத்தட்ட சக்கரத்தின் உச்சியில். முன்னால் ஒரு கல் தட்டினால் வண்டி நிற்கும், ஆள் ஹேண்டில்பார் மேலே பறந்து தலைகுப்புற விழுவார். ரப்பர் டயர் கெட்டி ரப்பர், டன்லப்பின் காற்றுக்குழாய் வர இன்னும் நாலு வருஷம் இருந்தது. இரண்டு சக்கரமும் ஒரே அளவில், செயினோடு, நாம் இன்றும் ஓட்டுகிற வடிவத்தில் ஸ்டார்லியின் ரோவர் 1885இல்தான் வந்தது. அதாவது ஸ்டீவன்ஸ் பாதி வழியில் இருக்கும்போதே அவர் வண்டி பழசாகிவிட்டது.

இதில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்திருக்கிறார். சுமார் 3,700 மைல், 104 நாள், ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடந்தே போனார் என்று அன்றைய பத்திரிகையே எழுதியிருக்கிறது. நடந்தார் என்றால் சும்மா நடக்கவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு. சாலை இல்லாத இடத்தில் ரயில் பாதைதான் சாலை. சியரா நெவாடா மலையில் பனி விழாமல் இருக்க ரயில் பாதைக்கு மேல் மரக்கூரை போட்டு மைல் கணக்கில் மூடியிருந்தார்கள், அந்த இருட்டுக்குள்ளும் புகைக்குள்ளும் தடவித் தடவிப் போகிறார். இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. ஆள் இன்னும் யாருடைய சம்பளத்திலும் இல்லை, தோன்றியதை எழுதுகிறார்.

அதற்குப் பிறகுதான் நிருபர் ஆகிறார். நியூயார்க்கில் குளிர்காலத்தைக் கழிக்கும்போது 'அவுட்டிங்' பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்து, அவர்களே இவரைச் சிறப்பு நிருபராக மிச்ச உலகத்துக்கு அனுப்பினார்கள். கொலம்பியா சைக்கிள் கம்பெனி முதலாளி ஆல்பர்ட் போப் பணம் போட்டுத் தொடங்கிய 'வீல்மேன்' பத்திரிகை ஏற்கெனவே இந்த 'அவுட்டிங்'கோடு இணைந்திருந்தது. புத்தகத்தின் சமர்ப்பணமும் அதே போப்புக்குத்தான். ஆகவே பாதையைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, அதிகாரிகளைப் பற்றியெல்லாம் வாய் ஓயாமல் குறை சொல்கிறவர், வண்டி என்று வந்தால் மட்டும் மென்மையாகிவிடுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இன்றைக்கு ஓசியில் ஃபோன் வாங்கி ரிவ்யூ போடுகிறவர்களை நமக்குத் தெரியாதா.

1885 மே மாதம் லிவர்பூலில் தொடங்கும் ஐரோப்பா அத்தியாயங்களைத் தைரியமாகத் தாண்டிவிடலாம். எந்த ஊரில் சாலை எப்படி, எந்தக் கிளப் ஆட்கள் எத்தனை மைல் கூட வந்தார்கள், எந்த விடுதியில் என்ன கிடைத்தது என்ற பட்டியல்தான். அன்றைய சைக்கிள்காரர்களுக்கு அது உபயோகமான தகவல், நமக்கு இல்லை. ஒரே விதிவிலக்கு இகாலி என்ற ஹங்கேரிக்காரர். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமலே இரண்டு பேரும் சைகையில் பேசிக்கொண்டு சேர்ந்து ஓட்டுகிறார்கள். அந்தப் பக்கங்களில் ஸ்டீவன்ஸ் கொஞ்சம் சிரிக்கிறார்.

கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) தாண்டிய பிறகுதான் புத்தகம் எழுந்து உட்காருகிறது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் கிராமங்களில் இவர் வந்த செய்தி இவருக்கு முன்னாலேயே போய்விடுகிறது. பசியோடு ஊருக்குள் நுழைகிறார். ரொட்டி கேட்கிறார். கூட்டம் சொல்கிற ஒரே பதில் "பின்! பின்!", அதாவது ஏறு, ஏறிக் காட்டு. சின்னப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், தாடிக்காரப் பெரியவர்களும் கேட்கிறார்கள், அந்த ஊர் அதிகாரியும் கேட்கிறார். களைத்துப் போயிருக்கிறேன் என்றால் காதில் விழாது. சரி, ஏறுவோம் என்றால் சுற்றிலும் ஆள், தெரு கரடுமுரடு, சக்கரம் உருள ஒரு பாய் அகலம்கூட விடமாட்டார்கள். இடம் விட்டால்தானே ஓட்ட முடியும்! ஓட்டினால் ஆரவாரம், உடனே இன்னொரு தடவை. பக்கத்துத் தெருக்காரர்கள் பார்க்கவில்லையாம். சாப்பிடும்போது கூட்டம் சுற்றி உட்கார்ந்து வாயையே பார்க்கிறது. படுத்தாலும் பார்க்கிறது. ஊருக்கு ஊர் இதே கதைதான், ஆனாலும் எனக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்கிற விதம் வேறு. ஓரிடத்தில் கெஞ்சல், ஓரிடத்தில் அதட்டல், ஓரிடத்தில் முதலில் தயிரும் ரொட்டியும் வைத்துவிட்டு நைசாகக் கேட்பது.

பாரசீகத்திலும் இதுவே. 1885 செப்டம்பர் கடைசியில் டெஹ்ரான் சேர்ந்து குளிர்காலத்தை அங்கே கழிக்கிறார். ஷா நாசிருத்தீனே இவரைப் பார்க்க ஆசைப்பட்டு, தோஷான் தெப்பே அரண்மனைக்குப் போகும் வழியில் கூடவே ஓட்டி வரச் சொல்கிறார். அனடோலியாவின் ஆட்டுக்காரப் பையனும் பாரசீகத்தின் மன்னரும் இந்த மனிதரிடம் கேட்டது ஒன்றேதான். ஸ்டீவன்ஸ் இதை எங்கும் இப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை, மன்னரைப் பற்றி எழுதும்போது அவர் தொனி மரியாதையாக மாறிவிடுகிறது. கிராமத்தான் கேட்டால் தொல்லை, ஷா கேட்டால் கௌரவம்.

என் பெரிய புகார் இதுதான். கண் கூர்மை, காது கூர்மை, ஆனால் மனசில் வெள்ளைக்காரத் திமிர். ஒரு பக்கத்தில் குர்து மேய்ப்பர்கள் கறுப்புக் கூடாரத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் அதே மாதிரி ஆட்களை அழுக்கர்கள், மூடர்கள் என்று அள்ளி வீசுகிறார். கூட்டம் நெருக்கினால் ரிவால்வரை எடுத்துக் காட்டுகிறார், அதைப் பெருமையாகவும் எழுதுகிறார். அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் எழுதிய விவரங்களே அவர் தீர்ப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. பணம் வாங்க மறுத்தவர்கள், வழி காட்டக் கூடவே நடந்து வந்தவர்கள் எல்லோரும் இதே பக்கங்களில்தான் இருக்கிறார்கள். பார்த்ததை மறைக்காத நிருபர் என்பதால்தான் இது நமக்கே தெரிகிறது. அந்த வகையில் அவருக்கு ஒரு கும்பிடு.

இரண்டாம் தொகுதியில் ஆப்கானிஸ்தான் பகுதியை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ரஷ்யா வழியாகப் போக அனுமதி கிடைக்காததால், 1886 மார்ச்சில் டெஹ்ரானை விட்டுக் கிளம்பி, ஆங்கிலேயர்கள் போகாதே என்று சொல்லியும் கேட்காமல் கிழக்கே பாலைவனத்துக்குள் இறங்குகிறார். முந்தைய ஆண்டுதான் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படையும் ஆப்கன் படையும் மோதி, ரஷ்யாவும் பிரிட்டனும் போருக்கு வந்துவிடுமோ என்ற நிலை. அந்த எல்லையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வெள்ளைக்காரர், இரும்புச் சக்கரத்தோடு. ஃபரா என்ற ஆப்கன் ஊரில் பிடித்துக்கொள்கிறார்கள். இங்கே விஷயம் வேடிக்கை பார்ப்பதோடு முடியவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை, ஆனால் வெளியே விடமாட்டார்கள். காவலோடு ஹேரத்துக்கு, அங்கிருந்து மறுபடி பாரசீக எல்லைக்கு. அதுவரை ஊரையெல்லாம் உதறித் தள்ளிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் காவலர்களின் முகத்தைக் கவனிக்க ஆரம்பிக்கிறார். ஓட்ட முடியாத நாட்களில்தான் இவர் நல்ல எழுத்தாளர்.

இந்தியா கிழக்கே கிட்டத்தில் இருக்க, மனிதர் மேற்கே திரும்பிக் காஸ்பியன் கடல், பாகூ நகரம், கருங்கடல் ஓரத்துப் பாட்டூம், மறுபடி கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து கப்பலில் கராச்சி என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வருகிறார். லாகூர் வரை ரயில். அங்கிருந்து டெல்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி வழியாகக் கல்கத்தா வரை சைக்கிள். கிராண்ட் டிரங்க் சாலையை அப்படிப் புகழ்கிறார். சுக்கான் கல் போட்டுக் கெட்டித்த சாலை, இரண்டு பக்கமும் மரநிழல். கெட்டி ரப்பர் டயரில் அனடோலியாவின் கல்லில் அடிபட்டு வந்தவருக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நம் நாட்டு அத்தியாயங்கள்தான் எனக்கு ஏமாற்றம். ராணுவக் குடியிருப்பு, பங்களா, பங்கா இழுப்பவர், வெயில். துருக்கியில் குடியானவர் வீட்டுத் தரையில் படுத்தவர் இங்கே துரைகளின் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. கல்கத்தாவில் கப்பலேறிவிட்டார், தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

சீனா பயங்கரம். பிரான்சோடு நடந்த சண்டையின் கோபம் அடங்காத நேரம், வெளிநாட்டான் என்றாலே கல். கான் நதிப் பள்ளத்தாக்கில் கும்பல் துரத்த, உள்ளூர் அதிகாரியின் அலுவலகத்துக்குள் ஓடி உயிர் தப்பி, பிறகு படகில் காவலோடு போகிறார். ஜப்பான் அத்தியாயங்கள் முழுக்கச் சர்க்கரை. களைத்துப் போனவருக்கு நல்ல சாலையும் சிரித்த முகமும் கிடைத்தால் அப்படித்தான் எழுத வரும். 1886 டிசம்பர் 17, யோகோஹாமா. சக்கரத்தில் போன தூரம் சுமார் 13,500 மைல் என்று கணக்கு. கிட்டத்தட்ட 21,700 கிலோமீட்டர்.

புத்தகம் முடிந்த பிறகும் ஆள் ஓயவில்லை. ஆப்பிரிக்காவுக்குள் போயிருந்த பயணி ஸ்டான்லியைத் தேடி ஆப்பிரிக்கா, குதிரையில் ரஷ்யா என்று நிருபர் வேலை தொடர்ந்தது, பிறகு லண்டனில் கேரிக் நாடக அரங்கின் மேலாளர். 1935இல் காலமானார். அந்தச் சைக்கிளை போப் கம்பெனி பத்திரமாக வைத்திருந்து, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டது! இதே 'அவுட்டிங்' பத்திரிகை 1892இல் ஃபிராங்க் லென்ஸ் என்ற பிட்ஸ்பர்க் இளைஞரையும் உலகம் சுற்ற அனுப்பியது. அவரிடம் காற்றடைத்த டயர் இருந்தது, கேமரா இருந்தது. 1894இல் கிழக்குத் துருக்கியில் காணாமல் போனார், திரும்பவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு அதே கிழக்குத் துருக்கியின் எர்ஸ்ரூம் ஊர் பற்றிய ஸ்டீவன்ஸின் பக்கங்களைப் படித்தால், "பின்! பின்!" என்ற சத்தம் அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

வாங்கலாமா என்றால், இந்த மறுபதிப்பை வேண்டாம். குட்டன்பர்க் தளத்தில் இரண்டு தொகுதிகளும் இலவசமாக இருக்கின்றன, எழுத்து இதைவிடச் சுத்தம். படத்தோடு வேண்டுமானால் இன்டர்நெட் ஆர்க்கைவில் மூலப் பதிப்பின் ஸ்கேன் கிடைக்கும். ஃபோனில் படிக்கக் கண் வலிக்கும் என்பவர்கள் அந்த ஸ்கேனை இறக்கி, உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அடித்து, தொகுதிக்கு இரண்டாகப் பிரித்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டிய நூல், யாரும் கேட்கப் போவதில்லை. படங்கள் கொஞ்சம் கறுத்துத்தான் வரும், 70 ஜிஎஸ்எம் தாளுக்குக் குறையாமல் கேளுங்கள், இல்லாவிட்டால் பின்பக்க மை தெரியும். படிக்க ஆரம்பிக்கும்போது முதல் தொகுதியில் அமெரிக்கா, பிறகு நேரே கான்ஸ்டான்டிநோபிள். இரண்டாவதில் ஜப்பானுக்கு முன்னால் நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

ஸ்டீவன்ஸுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். இந்தப் பதிப்புக்கு ஒன்று, அதுவும் மழை நாளில் கூரியர்காரர் நனையாமல் கொண்டுவந்து கொடுத்ததற்காக.